பரிஸில் ஒரு இந்தியச் சாப்பாடு: பசாஜ் பிராடியா, லாச்சப்பலா?

கொழும்பிலிருந்து பரிஸுக்குப் போகிறவர்கள் விசாவுக்கு அலைவார்கள், டிக்கெட் விலை இறங்குகிறதா என்று நாள்தோறும் பார்ப்பார்கள், ஈபிள் கோபுரத்தில் எத்தனை மணிக்கு ஏறினால் கூட்டம் குறைவு என்று வீடியோ தேடுவார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. "அங்கே போய் என்னத்தையாவது பார்த்துக்கொள்ளலாம்" என்ற அளவோடு சரி. முதல் நாள் குரோசோன் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் பாண், சீஸ், சலாட். மூன்றாம் நாள் இரவு கூட வந்த அம்மாவோ மாமியாரோ ஹோட்டல் கட்டிலில் இருந்துகொண்டு, ஒரு பிடி சோறு கிடைக்காதா என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் ஒரே வீதியில் இருக்கின்றன. பெயர் ஃபோபூர் சென்-தெனி. பத்தாம் வட்டாரத்தின் தெற்கே சென்-தெனி வளைவுக்குப் பக்கத்தில் தொடங்கி, கார் து நோர் ரயில் நிலையத்தை உரசிக்கொண்டு, வடக்கே லாச்சப்பல் வரை போகிறது. மொத்தமே ஒன்றரைக் கிலோமீற்றர் சொச்சம். அதன் கீழ்முனைப் பக்கம் பசாஜ் பிராடி. வட இந்திய ரெஸ்டோரன்ட்கள் நெருக்கியடித்திருக்கும் ஒழுங்கை. மேல்முனையில் லாச்சப்பல், சைவக் கடை, கொத்துக் கடை, புடவைக் கடை, நகைக் கடை என்று நம்மவர்களின் கடைத்தெரு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பதினைந்து, இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். ஆனால் ஒரு இரவுக்கு ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும்.

ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று இணையத்தில் போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்களின் நாக்கு வேறு. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தக் குசினி யாருக்காகச் சமைக்கிறது?

பிராடியில் சமையல் பிரெஞ்சுக்காரருக்காக நடக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்து உட்காருகிறவரும் காசு கொடுக்கிறவரும் அவர்தானே. 1828இல் திறக்கப்பட்ட பழைய நடைபாதை அது. மேலே கண்ணாடிக் கூரை, இரண்டு பக்கமும் மேசைகள். மழை பெய்தாலும் வெளியில் இருந்து சாப்பிடுவது போன்ற ஒரு சுகம். 1970களில் புதுச்சேரித் தமிழர் ஒருவர் தொடங்கிய கடையோடுதான் இது இந்திய ஒழுங்கையாக மாறத் தொடங்கியது என்பார்கள். பிரான்ஸ் 1954இல் புதுச்சேரியை இந்தியாவிடம் கையளித்து, 1962இல் சட்டப்படி அது முடிவானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்த தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களில் கணிசமானோர் பிரான்ஸுக்கே வந்து சேர்ந்தார்கள். ஆக, பரிஸின் 'இந்தியச் சாப்பாட்டு'க் கதையில் தமிழ்க் கை ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. இன்று பரிஸில் இந்திய ரெஸ்டோரன்ட் என்று பலகை போட்டிருக்கும் இடங்களில் பலவற்றை நடத்துவது பாகிஸ்தான்காரர், பங்களாதேஷ்காரர். மெனுவில் மட்டும் எல்லாரும் ஒரே பஞ்சாபிகள்: சிக்கன் டிக்கா மசாலா, பட்டர் சிக்கன், கோர்மா, பாலக் பனீர், ரோஜா லஸ்ஸி.

அந்தச் சிக்கன் டிக்கா மசாலா எப்படியிருக்கும்? நிறம் செம்மஞ்சள், கிறீம் தாராளம், தக்காளியின் இனிப்பு முன்னால் வரும், உறைப்பு கடைசிவரை வராது. கொழும்பில் நாம் போகிற வட இந்திய ரெஸ்டோரன்ட்களில் மிளகாய்த்தூள் நம் நாக்குக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. பிராடியில் அது எதிர்ப்பக்கம் போகிறது. பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் உறைப்பு தாங்கமாட்டார். 'பிமான்தே' என்று கேட்டால் கொஞ்சம் ஏற்றிப் போடுவார்கள்; ஆனாலும் சமையல்காரர் உங்களை முழுதாக நம்பமாட்டார்.

ஒரே ஒரு விதிவிலக்கை நான் கண்டது இப்படியான ஒரு கடையில்தான். நாங்கள் எங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற வந்த தம்பி தாழ்ந்த குரலில், "அக்கா, கொழும்போ?" என்றார். அவருக்கு ஊர் சாவகச்சேரி. உள்ளே குசினியிலும் இரண்டு பேர் நம்மவர்கள். "நான் உள்ளுக்குச் சொல்லிவிடுறன், உறைப்பாப் போடுவினம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்த ஆட்டிறைச்சிக் கறிக்கும் பக்கத்து மேசைக்குப் போன ஆட்டிறைச்சிக் கறிக்கும் மெனுவில் ஒரே பெயர். எங்களுடையதில் கருவேப்பிலை கிடந்தது, மிளகு முறித்தது. பரிஸில் பிரெஞ்சு, இத்தாலியன், ஜப்பான் என்று எந்த ரெஸ்டோரன்ட்டின் குசினியை எட்டிப் பார்த்தாலும் இலங்கைத் தமிழர் ஒருவர் நிற்பது புதினமில்லை. 2023இல் பரிஸின் சிறந்த பகெத் பாணுக்கான பரிசை வென்று, ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுத்த தர்ஷன் செல்வராஜாவும் இலங்கையில் பிறந்தவர்தான். ஆகவே வாய்விட்டுத் தமிழ் கதையுங்கள். சில இடங்களில் அதுவே மெனுவை மாற்றிவிடும்.

பிராடிக்குப் போவதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் உண்டு: சீஸ் நாண். இது இந்தியாவில் தெருவுக்குத் தெரு கிடைக்கிற சாமானில்லை. பிரான்ஸின் இந்திய ரெஸ்டோரன்ட்களில் ஊறி வளர்ந்தது. கொழும்பு சுப்பர்மார்க்கெட்டில் வட்டப் பெட்டிக்குள் முக்கோணத் துண்டுகளாக விற்கிறார்களே, அந்த மாதிரி மெதுவான சீஸை மாவுக்குள் வைத்து மூடி, தட்டையாக்கி, தந்தூரி அடுப்பில் ஒட்டிச் சுடுகிறார்கள். மேசைக்கு வரும்போது மேலே கருகிய புள்ளிகள், பட்டரின் மினுக்கம். நடுவில் பிய்த்தால் ஆவி கிளம்பி, உள்ளேயிருந்து வெள்ளைச் சீஸ் ஒழுகும். சூட்டோடு சாப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் றப்பர். பிள்ளைகளுக்கு இது ஒன்று போதும், கறியே தேவையில்லை. பெரியவர்கள் ஒன்றை இரண்டு பேர் பகிரலாம், முழுதாகச் சாப்பிட்டால் நெஞ்சு கரிக்கும். லாச்சப்பலில் நூறு கடை ஏறி இறங்கினாலும் இதற்கு ஈடாக ஒன்று இல்லை என்பேன்.

பிராடியில் சங்கடம் தருகிற விஷயம் பரிமாறும் முறை. நாம் நான்கு கறி வாங்கி நடுவில் வைத்து எல்லாரும் போட்டுச் சாப்பிடுகிற ஆட்கள். அங்கே ஆளுக்கொரு தட்டு. முதலில் சமோசாவோ பக்கோடாவோ, பிறகு பாஸ்மதிச் சோற்றோடு ஒரு கறி, கடைசியில் ஒரு இனிப்பு என்று வரிசையாக வரும். மத்தியானத்தில் இந்த மூன்றும் சேர்ந்த செட் சாப்பாடு 15 யூரோ அளவில் கிடைக்கும். அதே மேசையில் இரவில் விருப்பப்படி வாங்கினால் ஆளுக்கு 25, 30 யூரோ ஆகிவிடும். சமையல் ஒன்றுதான். ஆகவே பிராடிக்குப் போவதானால் மத்தியானம் போங்கள். இன்னொன்று: வாசலில் நின்று மெனுவை நீட்டி, "வாங்கோ, வாங்கோ" என்கிற தோரணையில் ஆட்கள் கூப்பிடுவார்கள். ஷாத்தோ தோ மெட்ரோவில் இறங்கினால் அதற்கு முன்பே தலைமயிர்ச் சலூன்காரர்கள் கூப்பிடுவார்கள். இரண்டு தரப்பையும் சிரித்துக் கடந்துவிடலாம்.

அப்புறம் லாச்சப்பல்.

கார் து நோரிலிருந்து லாச்சப்பல் மெட்ரோவுக்கு நிலத்தடிப் பாதையே இருக்கிறது. மேலே ஏறி வந்தால் முதலில் கண்ணில் படுவது தமிழ்ப் பெயர்ப்பலகைகள். முருங்கைக்காய், வல்லாரை, கருவேப்பிலைக் கட்டு, மரவள்ளி எல்லாம் பெட்டி பெட்டியாகக் கடை வாசலில். 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய தெரு இது. சனி, ஞாயிறுகளில் புறநகர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சாமான் வாங்கி, சாப்பிட்டு, கதைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகத்தான் இங்கே அடுப்பு எரிகிறது. கார் து நோர்ப் பக்கம் கைப்பையை மட்டும் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அது வேறு கதை.

இங்கேயும் இரண்டு வகை. ஒன்று சென்னைப் பாணிச் சைவக் கடை: சரவண பவனுக்கு இந்த வீதியிலேயே கிளை இருக்கிறது, பக்கத்தில் ரூ காய் என்ற தெருவில் கிருஷ்ண பவன் பழைய கை. இட்லி, மசாலா தோசை, ஊத்தப்பம், தாலிச் சாப்பாடு, கோப்பி. மற்றது மச்சக் கடை: முனியாண்டி விலாஸ் போன்றவை. பரோட்டா, கொத்துரொட்டி, மட்டன் ரோல்ஸ், ஆட்டிறைச்சிப் பிரட்டல், இடியப்பம், சம்பல், சொதி.

உண்மையைச் சொன்னால், வெள்ளவத்தையில் இருக்கிற ஒருவருக்கு இந்தத் தோசையில் புதிதாக ஒன்றுமில்லை. பம்பலப்பிட்டி சரஸ்வதி லொட்ஜில் இதைவிட முறுகலாக, கால்வாசி விலைக்குச் சாப்பிட்டிருப்பீர்கள். தேங்காய்ச் சட்னியில் அந்தப் பச்சைத் தேங்காய்ப் பாலின் வாசனை கொஞ்சம் குறையும். ஐரோப்பாவில் உறைந்த தேங்காய்ப்பூவை நம்பித்தானே பல குசினிகள் ஓடுகின்றன. கொத்துரொட்டி மட்டும் தாராளம். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும், இறைச்சியும் கஞ்சத்தனமில்லை. ஆனால் காலி வீதியில் நடுச்சாமத்தில் நின்று சாப்பிடுகிற கொத்தைத் தேடி எதற்கு எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் பறக்க வேண்டும் என்று கேட்டால், கேள்வி நியாயம்தான்.

ஆனாலும் குடும்பமாகப் போனால் நான் முதலில் கூட்டிப் போவது இங்கேதான். வயிறு என்று ஒன்று இருக்கிறது. விமானப் பயணம், நேர வித்தியாசம், இரண்டு நாள் பாண் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையை ஒரு தட்டு இட்லியும் சாம்பாரும் சரிசெய்கிற மாதிரி வேறொன்றும் சரிசெய்வதில்லை. இரண்டாவது, நேரம். பிரெஞ்சு ரெஸ்டோரன்ட்களும் பிராடிக் கடைகள் பலவும் மத்தியானம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழு மணிக்குத்தான் மறுபடி மூட்டும். லூவர் மியூசியத்தில் கால் கடுக்க நின்றுவிட்டு நாலு மணிக்குப் பசியோடு வெளியே வரும் குடும்பத்துக்கு இது பெரிய தண்டனை. லாச்சப்பலில் பல கடைகள் காலை முதல் இரவு வரை மூடாமல் இருக்கும். மூன்றாவது, விலை. தோசை 7, 8 யூரோ, கொத்து அதற்குக் கொஞ்சம் மேலே. ஒரு யூரோ முந்நூறு ரூபாவைத் தாண்டிவிட்ட காலத்தில் நான்கு பேர் மேசையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் சைவம். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத, சட்டி வேறு கரண்டி வேறு என்று பார்க்கிற பெரியவர் ஒருவர் கூட இருந்தால் பிராடியை மறந்துவிடுங்கள். பாலக் பனீரில் இறைச்சி இருக்காது, சரி. ஆனால் அது கோழி பொரித்த அதே குசினி. பிரெஞ்சுக் கடைகளில் இன்னும் மோசம்: மரக்கறி மட்டும் என்று சொன்ன பிறகும், மீன் பரவாயில்லையா என்று அன்போடு கேட்கிற வெயிட்டர்கள் உண்டு. ரூ காயின் சைவக் கடைகளில் இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. தமிழில் கேட்கலாம், வெங்காயம் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

ஓகஸ்ட் கடைசியை ஒட்டிப் போகிறவர்கள் ஒரு நாளைக் கவனியுங்கள். 1985இல் தொடங்கி, இப்போது ரூ பஜோலில் இருக்கிற மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் அந்தக் காலத்தில்தான் இந்த வீதிகளைச் சுற்றி வரும். தெருவில் தேங்காய் குவித்து உடைப்பார்கள், காவடி வரும், வெள்ளைக்காரர் வரிசையாக நின்று படம் எடுப்பார்கள். பார்க்க வேண்டிய நாள். ஆனால் அன்று லாச்சப்பலில் மேசை பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அன்றைய இரவை பிராடிக்கு விட்டுவிடலாம்.

விலைப் பட்டியலைப் பார்த்து மிரளும் முன் ஒரு கணக்கு. கொழும்பில் மெனுவில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வட் வரி என்று பில் வரும்போது வேறு தொகையாகிவிடும். பிரான்ஸில் மெனுவில் இருப்பதுதான் கடைசி விலை. வரியும் சேவையும் அதற்குள்ளேயே. மெனுவையும் விலையையும் வாசலில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம், ஆகவே உள்ளே போகுமுன்பே கணக்குப் பார்த்துவிடலாம். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும். தண்ணீர் என்று மட்டும் கேட்டால் போத்தல் வந்து, பில்லிலும் ஏறும். 'ஊன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைச் சாடியில் சும்மா கொண்டுவந்து வைப்பார்கள். குடிக்க நல்ல தண்ணீர்தான். லாச்சப்பலின் சின்னக் கடைகளுக்குக் கையில் கொஞ்சம் காசும் வைத்திருங்கள். சிறு தொகைக்குக் கார்ட் எடுக்காத இடங்கள் உண்டு.

புதுப்பாணி இந்திய ரெஸ்டோரன்ட்களும் பரிஸில் முளைத்திருக்கின்றன. மங்கிய வெளிச்சம், சின்னச் சின்னத் தட்டு, மாம்பழக் காக்டெயில். ஆளுக்கு 50, 60 யூரோ இந்தியச் சமையலுக்குக் கொடுக்கிற மனமிருந்தால் போகலாம். எனக்கு அந்த மனமில்லை. அந்தக் காசுக்குப் பரிஸில் நல்ல பிரெஞ்சுக் கடை ஒன்றில் வெங்காய சூப்பும் வாத்துக் காலும் சாப்பிடுவேன். அதைக் கொழும்பில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

சொந்தக்காரர் இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாமலும் போகலாம். லா கூர்னெவ், பொண்டி, சார்செல் என்று புறநகரில் ஒரு மாமியோ சித்தியோ இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் அபூர்வம். போன் எடுத்துச் சொன்னதும், "வீடொண்டு இருக்கேக்க கடையில என்னத்துக்குப் பிள்ளை சாப்பிடுறியள்?" என்று கோபம் வரும். போங்கள், சாப்பாடு எந்தக் கடையையும் தோற்கடிக்கும். ஆனால் போய்வர அரை நாள் போகும், இரவு தங்கச் சொல்வார்கள், அடுத்த நாள் இன்னொரு சித்தப்பா கூப்பிடுவார். நான்கு நாள் பயணத்தில் பரிஸைப் பார்க்காமலே திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நானென்றால் மாமியையும் மாமாவையும் ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலுக்கு வரச் சொல்வேன். அவர்கள் எப்படியும் சாமான் வாங்க அங்கே வரத்தான் போகிறார்கள். பில்லுக்கு அடிபாடு நடக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஆக, யார் கூட வருகிறார்கள் என்பதை வைத்து நான் பிரிப்பது இப்படி. பெரியவர்களோடு என்றால் மூன்றாம் நாள் வரை காத்திராமல் முதல் நாளே லாச்சப்பல் சைவக் கடை. வளர்ந்த பிள்ளைகளோடும் நண்பர்களோடும் என்றால் ஒரு மத்தியானம் பிராடி, சீஸ் நாணுக்காக. ஹலால் பார்க்கிறவர்களுக்கும் பிராடிப் பக்கம் வசதி. பாகிஸ்தான்காரர் நடத்தும் கடைகள் பலவற்றில் வாசலிலேயே போட்டிருப்பார்கள், லாச்சப்பல் மச்சக் கடைகளில் கேட்டுவிட்டு உட்காருங்கள். கணவன் மனைவி மட்டும், மூன்றே நாள் என்றால் இரண்டுக்கும் போகாதீர்கள். தர்ஷன் செல்வராஜாவின் பேக்கரி இருபதாம் வட்டாரத்தில் இருக்கிறது. காலையில் அங்கே சூடான பகெத் ஒன்றை வாங்கி, பட்டரோடு சாப்பிட்டுவிட்டு ஊர் சுற்றுங்கள். சோறு கொழும்பில் எங்கேயும் ஓடிவிடாது.

திரும்பிப் போகிற நாளுக்கு மட்டும் எல்லாருக்கும் லாச்சப்பல்தான். கார் து நோரிலிருந்து விமான நிலையத்துக்கு ஆர்இஆர் 'பி' ரயில் நேராகப் போகிறது, ஆகவே வழியிலேயே ஒரு பார்சல் கட்டிக்கொள்ளலாம். இட்லியும் பொடியும், இல்லாவிட்டால் ரோல்ஸ். சாம்பார் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் அதுவும் திரவக் கணக்கில்தான் சேரும்.